மேசை வாளுக்குத் தியேட்டர் சட்டம்

என் உயரத்துக்கு ஏற்ற ஒரு சமையல் மேசை செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் என் கணவர் மரம் அறுக்கும் அந்த வாள் மெஷினை வாங்கினார்.

நான் குள்ளம். நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சமையல் மேடையோ, கட்டியவர் தன் நெஞ்சுக்கு அளவெடுத்துக் கட்டியது போல உயரம். மீன் வெட்டவும் வெங்காயம் நறுக்கவும் ஒரு பழைய தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நிற்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியின் பலகை உடைந்து, கையில் கத்தியோடு விழுந்தேன். முழங்கை சிராய்த்ததைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டார். ஒரு கத்தியைக் கண்டு அப்படிப் பதறிய மனிதர், அடுத்த மாதம் வீட்டுக்கு ஒரு வட்ட வாளைக் கொண்டுவந்து இறக்கினார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, இலங்கையில் போர் நடந்த காலம். அவர் மாத்தளையில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியர். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சத்திரசிகிச்சை வார்டிலும் ஒப்பரேஷன் தியேட்டரிலும் மாறி மாறி டியூட்டி. இருவரும் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் பிறந்து, படித்து, டவுனுக்கு வந்தவர்கள். எங்கள் வீடு நாலந்தா பக்கம் போகும் பெரிய ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு சரிவில் இருந்தது. வடக்கே போகும் இராணுவ லொறிகளின் சத்தம் சமையலறை வரை கேட்கும்.

மெஷினைக் கொடுத்தவர் டவுனில் தளபாடக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானா. அவர் பெரிதாக வேறொன்று வாங்கிவிட்டதால் பழையது எங்களுக்கு வந்தது. இரும்பு மேசை ஒன்று, அதன் நடுவில் ஒரு கீறல், அந்தக் கீறலுக்குள்ளிருந்து பல் பல்லாக எழும்பி நிற்கும் வாள். லேண்ட்மாஸ்டர் கை டிராக்டரில் ஏற்றி வரும்போது செக்பொயின்டில் மூடியிருந்த படங்கை விலக்கிப் பார்த்து, "இது என்ன சுடும்?" என்று ஒரு சிப்பாய் பகிடியாகக் கேட்டானாம். என் கணவர் பகிடி என்று தெரியாமல் சிங்களத்தில் ஒரு பாடமே நடத்தியிருக்கிறார்.

வீட்டுப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் இறக்கி வைத்த பிறகு நானா சொன்னார்: "மாஸ்டர், பலகைக்கு நேர் பின்னால நிக்கப்போடாது. ஒரு பக்கமா நில்லுங்க. வாள் பலகைக்கு மேல ஒரு பல்லு ஒசரம் தெரிஞ்சாப் போதும். வாளுக்குப் பின்னால ஈக்கிற இந்தத் தகட்டக் கழட்டிராதீங்க. பலகை வாளப் போய்க் கவ்வாம இதுதான் புடிச்சிக்கிட்டு ஈக்கிது."

அவருடைய வகுப்பில் பிள்ளைகள் எப்படித் தலையாட்டுவார்களோ அப்படியே என் கணவர் தலையாட்டினார்.

நான் வாசலிலேயே நின்றேன். சாரத்தின் நுனியில் கையைச் சுற்றிக்கொண்டு வந்தவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். சிலர் விரலைத் தனியாக ஷொப்பிங் பேக்கில் கொண்டு வருவார்கள். எல்லாரும் சொல்லி வைத்தாற்போல ஒன்றைத்தான் சொல்வார்கள்: "கடைசித் துண்டு மிஸ்ஸி. அத மட்டும் வெட்டிட்டு நிப்பாட்டுவோம்னு நெனச்சேன்."

நானா போன பிறகு கேட்டேன்.

"இது எதுக்குங்க?"

"ஒனக்கு மேசை செய்ய."

"மேசை கடையில இருக்கே."

"ஒன் ஒயரத்துக்கு எந்தக் கடையில இருக்கு?"

நான் வீட்டில் இருக்கும் நேரத்தில் மட்டும்தான் மெஷின் ஓட வேண்டும் என்று சொன்னேன். உடனே சம்மதித்தார்.

முதல் விபத்துக்கு அதிக நாள் எடுக்கவில்லை. பின்னால் இருந்த அந்தத் தகடு இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். ஒரு சிறிய சப்பு மரத் துண்டு. அதை வாளுக்கும் பக்கத்துச் சட்டத்துக்கும் நடுவில் விட்டுத் தள்ளியிருக்கிறார். நான் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வெடி போல ஒரு சத்தம். அடுத்து வாள் மட்டும் வெறுமனே சுற்றும் இரைச்சல்.

ஓடிப் போனால், அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கி உட்கார்ந்திருந்தார். மரத்துண்டு அவர் வயிற்றில் பட்டுத் தெறித்து, பின்னால் இருந்த தகரத்தில் ஒரு குழியைப் போட்டிருந்தது. மெஷினை நிறுத்தினேன். அவரைத் தரையில் கிடத்திச் சட்டையைத் தூக்கி வயிறு முழுக்க அழுத்திப் பார்த்தேன்.

"உயிரோடதான் இருக்கேன்."

"பேசாதீங்க. இங்க வலிக்குதா? இங்க?"

"நீ அமுக்குற எடமெல்லாம் வலிக்குது."

அதற்குள் பக்கத்து வீட்டு நோனா வேலியைத் தாண்டி ஓடி வந்துவிட்டார். குண்டுதான் வெடித்தது என்று நினைத்துவிட்டாராம். அவரும் அவருடைய கணவரும் சிங்களவர். கணவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன் இராணுவத்தில், வடக்கில். அன்றைக்கு நோனாதான் கொத்தமல்லி அவித்து ஊற்றிக் கொடுத்தார். நான் பொழுது சாயும் வரை நாடி பார்த்துக்கொண்டே இருந்தேன். வயிற்றில் நாவற்பழ நிறத்தில் ஒரு கன்றல். அது பச்சையாகி, மஞ்சளாகி மறைய நாளெடுத்தது.

மறுநாள் இரண்டு பொலிஸ்காரர்கள் வந்தார்கள். தமிழ் வீட்டிலிருந்து வெடிச்சத்தம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அப்படி ஒரு சொல் போதும், ஒரு மனிதன் காணாமல் போக. என் கணவர் அடையாள அட்டையை எடுக்க உள்ளே போனார். மேசை லாச்சியில் இருந்ததையெல்லாம் கட்டிலில் கொட்டித் தேடினார். அதற்குள் பக்கத்து வீட்டு ஐயா பனியனோடு வந்து கொட்டகையின் முன்னால் நின்றார்.

"மிஸ்ஸிக்கு மேசை செய்யத்தான் மெஷின் வாங்கியிருக்கிறார். மிஸ்ஸியின் உயரத்தைப் பாருங்களேன்" என்றார் சிங்களத்தில்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். குள்ளமாக இருப்பது ஒரு சாட்சி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பொலிஸ்காரர்கள் தகரத்துக் குழியைத் தடவிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் தன் வீட்டுக்கு ஒரு ஜன்னல் நிலை செய்து தர முடியுமா என்று கேட்டார். அன்றிலிருந்து மெஷின் ஓடும்போதெல்லாம் கொட்டகைக் கதவு விரியத் திறந்தே இருந்தது, ரோட்டில் போகிற எவரும் பார்க்கட்டும் என்று.

கன்றல் மறைந்த பிறகு அவர் மெதுவாகக் கொட்டகைப் பக்கம் போனார். நானும் பின்னால் போனேன்.

"இனிமே இது தியேட்டர்" என்றேன்.

"என்னது?"

"தியேட்டர்ல எப்புடியோ அப்புடி. நான் சொல்ற மாதிரி."

முதலில் சாரம் போனது. காற்சட்டை போட்டால்தான் உள்ளே வரலாம். முழுக்கைச் சட்டை, கைக்கடிகாரம், மோதிரம் எல்லாம் வெளியே. நான் கொண்டையை இறுக்கிக் கட்டி, சேலையை விட்டுவிட்டுப் பழைய டியூட்டி கவுனுக்கு மாறினேன். கையுறை போடலாமா என்று அவர் கேட்டார். எங்கள் தியேட்டரில் கையுறை இல்லாமல் முடியாது. இங்கே அது கூடவே கூடாது, நூல் மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கண்ணுக்குக் கண்ணாடி. கழற்றிய தகடு தன் இடத்துக்குத் திரும்பியது. பலகையைத் தள்ள, பிடியில் வளைந்து நுனியில் ஒரு வெட்டு விட்ட தள்ளுகட்டைகள் செய்யச் சொன்னேன். விரல் வாளுக்குக் கிட்டப் போகவே தேவையில்லை, கட்டை போகட்டும். கட்டை அறுந்தால் இன்னொரு கட்டை செய்யலாம்.

மெஷின் ஓடும்போது பேச்சு இல்லை. யார் கையை உயர்த்தினாலும் அந்த நொடியே நிறுத்த வேண்டும். ஏன் என்று பிறகு கேட்கலாம். நான் மறுபக்கம் நின்று அறுபட்டு வரும் பலகையைத் தாங்குவேன், இழுக்க மாட்டேன். நைட் டியூட்டி முடிந்து வந்த நாளில் வாள் ஓடாது. சண்டை போட்ட நாளிலும் ஓடாது.

கடைசிச் சட்டம்தான் அவரை மிகவும் கஷ்டப்படுத்தியது. எங்கள் வீட்டில் சண்டைக்குக் குறைவில்லை. முன்பெல்லாம் கோபித்துக்கொண்டால் நாள் கணக்கில் வாய் திறக்க மாட்டார். இப்போது பலகை அரைகுறையாகக் கிடக்கும்; சமாதானம் ஆகாமல் தொட முடியாது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வடையோ கொய்யாப்பழமோ வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டு, "இன்னைக்கு வெட்டலாமா?" என்று கேட்பார். வடையின் சூட்டைப் பொறுத்து நான் பதில் சொல்வேன்.

அவர் செய்த முதல் மேசை ஆடியது. ஒரு காலைக் கொஞ்சம் அறுத்தார், மறுபக்கம் ஆடியது. அதையும் அறுத்தார். கணித ஆசிரியர் இப்படியே நாலு காலையும் சுற்றிச் சுற்றி அறுத்து, கடைசியில் நானே குனிந்து வேலை செய்ய வேண்டிய உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். அதைத் துணி மடிக்க வைத்துக்கொண்டோம். இரண்டாவது மேசை சரியாக வந்தது. முதல் நாள் அதில் வெங்காயம் நறுக்கும்போது அவர் பக்கத்தில் நின்று, என் முழங்கை எங்கே வருகிறது என்று குனிந்து குனிந்து பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் மழை பொய்த்து, நீர்த்தேக்கங்கள் வற்றி, நாடு முழுவதும் மணிக்கணக்கில் கரண்ட் வெட்டிய காலம் வந்தது. அதே காலத்தில்தான் பக்கத்து வீட்டு மகன் திரும்பி வந்தான்.

மிதிவெடி. ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. மற்றக் காலில் தகடு வைத்து ஆணி அடித்திருந்தார்கள், முழங்கால் மடங்காது. நான் தினமும் போய்க் கட்டு மாற்றினேன். காயம் நன்றாகத்தான் ஆறியது. ஆனால் ஆள் மெலிந்துகொண்டே போனான்.

"சாப்பிடுகிறான் இல்லை மிஸ்ஸி" என்று நோனா அழுதார். "பால் சோறு வைத்தாலும் ரெண்டு வாய். தண்ணீரும் குடிப்பதில்லை."

நோனா ஒரு நாள் என்னைக் கை கழுவப் பின்பக்கம் கூட்டிப் போனார். அங்கேதான் கக்கூசைப் பார்த்தேன். குந்தி உட்காரும் பழைய கக்கூசு. திரும்பி அறைக்குப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தம்பியைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டேன்.

"மல்லி, நீங்கள் ஏன் சாப்பிடுவதில்லை என்று எனக்குத் தெரியும்" என்றேன் சிங்களத்தில்.

அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சுவரைப் பார்த்தபடியே, "அம்மாதான் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது மிஸ்ஸி. அப்பாவுக்கு முதுகு ஏலாது" என்றான்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். ஆஸ்பத்திரியில் கொமட் கதிரைகள் இருந்தன. ஆனால் வார்டுக்கே போதாது. அவர் பென்சிலை எடுத்தார். நடுவில் ஓட்டை விட்ட இருக்கை, இரண்டு பக்கமும் கை ஊன்றி எழும்பப் பிடி, ஈரத் தரையில் வழுக்காத அகலக் கால்கள். அந்தக் கக்கூசின் மேலேயே வைத்துவிடலாம்.

பொழுது பட்டபோது அளவெடுக்கப் போனார். இருவருக்கும் கூச்சம். அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்க, இவர் தரையில் முழந்தாளிட்டு டேப் பிடித்தார்.

"எழும்பும்போது எந்தக் கையில் பலம்?"

"வலது, சேர்."

"அப்படியானால் வலப்பக்கப் பிடியைக் கொஞ்சம் முன்னால் நீட்டுகிறேன்."

அவ்வளவுதான் பேச்சு. திரும்பி வரும்போது அவர் முகம் சரியாக இல்லை. எனக்குக் காரணம் தெரியும். எழுபதுகளின் கலவரத்துக்குப் பிறகு அவருடைய அக்கா குடும்பம் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்கு அந்தப் பக்கம் போய்க் குடியேறியிருந்தது. சண்டை அந்தப் பகுதிக்குப் போன பிறகு அவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது கேட்டேன். "மனசுல ஏதும் இருக்குதாங்க?"

"இருக்கு" என்றார். "அக்கா புள்ளைங்க ஞாபகமாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பையன் கக்கூசு போகாம கெடந்தா அது சரியாப் போயிருமா?"

நான் தட்டுகளை எடுத்து அடுக்கினேன்.

"மனசு சரியில்லாத அன்னைக்கு வெட்டக்கூடாதுன்னு சட்டம் போட்டது நீதானே. நாளைக்கு வெட்டுவோம்."

மறுநாள் சனிக்கிழமை. கரண்ட் வெட்டும் நேரம் பேப்பரில் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து, கரண்ட் இருக்கும் நேரத்தில் தொடங்கினோம். தடித்த பலாப் பலகை. பாதி வரை போனதும் இரைச்சல் இறங்கி, வாள் மெல்ல நின்றது. சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் போய்விட்டது. பலகை வாளைக் கவ்விக்கொண்டு நின்றது.

அவர் தள்ளுகட்டையை வைத்துவிட்டு, பலகையை அசைத்து எடுக்க இரண்டு கையையும் வாளுக்குக் கிட்டக் கொண்டு போனார். நான் மறுபக்கத்திலிருந்து கையை உயர்த்தினேன்.

சட்டப்படி நின்றார். பிறகு, "கரண்ட்தான் இல்லையே" என்றார்.

"சுவிட்ச் போட்டபடியே இருக்கு. நிப்பாட்டிட்டு பிளக்கையும் கழட்டுங்க."

"பிளக் அங்க சமயக்கட்டுல இருக்கு."

"நடந்து போங்க."

முணுமுணுத்துக்கொண்டே சுவிட்சை அணைத்தார், போனார். பிளக்கைக் கழற்றி, வயரைச் சுருட்டிக்கொண்டு வந்து, எனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக மெஷின் மேசையின் மேல் 'டக்' என்று வைத்தார். "போதுமா டொக்டர் அம்மா?" என்றார். பிறகு ஒரு கையால் வாளின் பல்லைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பலகையை நெளித்து நெளித்துப் பின்னால் இழுத்தார்.

அப்போது பக்கத்து வீட்டு ரேடியோ திடீரென்று அலறியது. எங்கள் தலைக்கு மேலே தொங்கிய பல்ப் எரிந்தது.

அவர் பல்ப்பைப் பார்த்தார். பிறகு வாளைச் சுற்றிப் பிடித்திருந்த தன் விரல்களைப் பார்த்தார். பிறகு மேசைமேல் கிடந்த பிளக்கைப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, மரத்தூளிலேயே உட்கார்ந்துவிட்டார். முகம் முழுக்கத் தூள். அதில் வியர்வை கோடு கோடாக இறங்கியது.

"இன்னைக்குப் போதும்" என்றார்.

எத்தனையோ பேரின் இரத்தத்தைப் பார்த்த எனக்கு, அன்றைக்குத் தேநீருக்குச் சீனி போட்டேனா இல்லையா என்று நினைவில்லை. மறுபடியும் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"நீ கையத் தூக்கலன்னா..." என்று தொடங்கினார்.

"தூக்கினேனே. குடிங்க."

திங்கட்கிழமை நானாவிடம் போய் நடந்ததைச் சொன்னார். நானா கண்டியிலிருந்து வேறொரு சுவிட்ச் எடுப்பித்துத் தந்தார். கரண்ட் போனால் அது தானாக அணைந்துவிடும். கரண்ட் வந்தாலும் நாம் மறுபடி அழுத்தினால்தான் மெஷின் ஓடும். அதை மெஷினில் பூட்டும்வரை பலகை அப்படியே கிடந்தது.

கதிரை முடிந்தது. இருக்கையின் விளிம்பை மண் கடதாசி போட்டுத் தேய்க்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். படுக்கையில் கிடந்த உடம்பின் தோல் எப்படி உரியும் என்று எனக்குத் தெரியும். கன்னத்தை வைத்துப் பார்த்து, எங்கும் குத்தவில்லை என்ற பிறகே வார்னிஷ் பூச விட்டேன். இருவருமாக வேலிக்கு மேலால் தூக்கிக் கொடுத்தோம். ஐயா வாங்கி, நோனா வழி காட்ட, பின்பக்கம் கொண்டு போனார். நாங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டோம். அங்கே நின்று பார்க்கிற காரியமா அது?

மறுநாள் காலையில் நோனா வேலியருகே வந்து நின்றார். "மிஸ்ஸி, நேற்று ராத்திரி இரண்டாம் தரம் சோறு கேட்டான்" என்றார்.

அவனுக்குப் பிறகு செயற்கைக் கால் பொருத்தினார்கள். சில வருடங்களில் கல்யாணமும் ஆனது. பின்னேரங்களில் எங்கள் கொட்டகைக்கு வருவான். இவரும் அவனும் கிரிக்கெட் பேசுவார்கள். மெஷினைத் தொடும்போது மட்டும் அவனையும் வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுவேன். ஒரு நாள் அவனே, "சேர், உங்கள் அக்காவிடமிருந்து ஏதாவது வந்ததா?" என்று கேட்டான். இவர் இல்லை என்று தலையாட்டினார். அவனும் தலையைக் குனிந்துகொண்டான். அந்த அக்கா உயிரோடு இருப்பதும், மூத்த மகன் இல்லை என்பதும் பல வருடம் கழித்தே எங்களுக்குத் தெரிந்தது.

கதிரையின் செய்தி வார்டுக்குள் பரவியது, அதைப் பரப்பியவளும் நான்தான். இடுப்பு முறிந்தவர்கள், பாரிசவாதம் வந்தவர்கள் என்று வீட்டுக்குப் போகிறவர்களின் ஆட்கள் என்னிடம் வந்து தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து இவர் அளவைக் கேட்பார். எங்கள் கொட்டகையில் அதற்குப் பிறகு வேறு எந்தத் தளபாடமும் உருவாகவில்லை. பொலிஸ்காரருடைய ஜன்னல் நிலையைத் தவிர.

லக்கல பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்திருந்தார். காடு வெட்டிப் பயிர் செய்த சேனையில் யானை துரத்தியதில் விழுந்து, மனைவிக்கு இடுப்பு முறிந்துவிட்டது. அவளை உறவினர்கள் ஏற்கெனவே வேன் பிடித்துக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த மனிதர் மட்டும் கதிரைக்காக நின்றார். கொடுத்தபோது, ஒரு பையில் குரக்கன் மாவும் போத்தலில் தேனும் நீட்டினார். அடியில் இருந்த ஓட்டையைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கப்பட்டு, சாக்கால் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு போனார்.

பின்னேரம் நாங்கள் இருவரும் டவுனுக்கு மீன் வாங்கப் போனோம். பஸ் ஸ்டாண்டில் சனம் நிறைந்து கிடந்தது. லக்கலவுக்குப் போகும் பஸ் இன்னும் வரவில்லை. வந்தாலும் கதிரையை ஏற்றுவார்களோ என்னவோ. அந்த மனிதர் சாக்கை அவிழ்த்து மடித்து இருக்கையின் மேல் போட்டு, இரண்டு பக்கப் பிடியிலும் கைகளை வைத்துக்கொண்டு, ஸ்டாண்டின் நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கச்சான் கடலை தின்றுகொண்டிருந்தார்.

"ஆடுதான்னு பாரு" என்றார் என் கணவர் மெதுவாக.

"ஆடல."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன். வாங்க, மீன் முடிஞ்சிரும்."